தலைப்பிரசவமும் க்ரீன் கார்டும்

'ஆங்கர் பேபி' என்று இந்த ஊரில் ஒரு வசவு உண்டு. நங்கூரக் குழந்தை. வெளிநாட்டுக்காரன் அமெரிக்காவில் ஒரு பிள்ளையைப் பெற்று, அதை நங்கூரமாகப் போட்டு, குடும்பத்தோடு கரையேறிவிடுகிறானாம். உள்ளூர்க்காரர் சொன்னால் விவரம் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். போன நவராத்திரிக்கு ஒரு வீட்டுக் கொலுவில், சிட்டிசன் ஆகிப் பத்து வருஷமான நம்ம ஆள் ஒருத்தர் சுண்டலை மென்றுகொண்டே சொன்னார்: "டெம்பரரியா வந்தவங்க பிள்ளைக்கு எதுக்கு சார் குடியுரிமை? சட்டம்னு ஒண்ணு வேணாமா?" அவருடைய இரண்டு பெண்களும் அவர் ஹெச்-1பியில் இருந்தபோது பிறந்தவர்கள்!

நங்கூரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இங்கே பிறந்த குழந்தை பெற்றோருக்காக மனுப் போட அதற்கு 21 வயது ஆகவேண்டும். அதுவரை கப்பல் எங்கே நிற்கும்? நடுவில் அப்பனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டும். நீல பாஸ்போர்ட் வைத்திருக்கிற கைக்குழந்தை தனியாக அபார்ட்மெண்ட் எடுத்துத் தங்கவா போகிறது?

எங்கள் வீட்டுக் கதை இன்னும் விசேஷம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். என் மனைவிக்கு அம்மா வீடு மல்லேஸ்வரம், சம்பிகே ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஏழாம் மாதம் விமானம் ஏறிப் போனாள். 2013-ல் அங்கே பெண் பிறந்தாள். பத்தியச் சாப்பாடு, பாட்டி கையால் எண்ணெய்க் குளியல், காடு மல்லேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை, எல்லாம் ஆயிற்று. பிறகு சென்னைக்குப் போய் விசா குத்திக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது பையன் நியூ ஜெர்சியில் பிறந்தான். ஆக, ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு, ஒரே ஸ்கூல் பஸ். அவன் சிட்டிசன், அவள் ஹெச்-4.

என் க்ரீன் கார்டு மனு 2016-ல் போட்டது. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 க்ரீன் கார்டு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 1990-ல் போட்ட கணக்கு. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. வரிசை நகர்வதற்குள் 2034 வந்துவிட்டால் என் பெண்ணுக்கு 21 ஆகிவிடும். அன்றோடு அவள் என் 'டிபெண்டண்ட்' இல்லை. வேறு விசா தேடிக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் கிளம்பவேண்டும். தம்பி அக்காவுக்காக மனுப் போடலாமே என்பீர்கள். போடலாம், அவனுக்கு 21 ஆனபிறகு. இந்தியர்களுக்கு அந்த வரிசை பதினைந்து வருஷத்துக்கும் மேல்.

2025 ஜனவரி 20-ல் டிரம்ப் போட்ட ஆணை இதற்கும் ஒரு படி மேலே போயிற்று. அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பா சிட்டிசனோ க்ரீன் கார்டு காரரோ இல்லையென்றால், இங்கேயே பிறந்த குழந்தைக்கும் குடியுரிமை கிடையாது என்றது. கோர்ட்டுகள் தடை போட்டன, உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. அது இருக்கட்டும். எனக்கு எரிச்சல் மூட்டியது நம்மவர்களின் புலம்பல். "நாங்க லீகலா வந்தோம், வரி கட்டறோம், எங்களைப் போய் திருட்டுத்தனமா வந்தவங்களோட சேர்க்கறாங்களே!" பிறந்து மூன்று நாளான குழந்தை எந்த பார்டரைத் தாண்டியது? எந்த வரியைக் கட்டியது? 1898-ல் வோங் கிம் ஆர்க் வழக்கு ஜெயித்தபோது அவருடைய சீனப் பெற்றோருக்கு இந்த நாட்டுச் சட்டப்படி குடியுரிமை வாங்கவே வழியில்லை. அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார் என்பது போதுமானதாக இருந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நம் பிள்ளைகளும் பாஸ்போர்ட் வாங்கினார்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே ஆசாமிகளுக்கு நம் ஊர்ச் சட்டம் தெரியுமா? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தால், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மாதிரி சில விலக்குகள் தவிர, இந்தியர். அதன்பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியராக இருக்கவேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் இல்லை என்றும் இருக்கவேண்டும். டிரம்ப் கையெழுத்துப் போட்டுச் செய்யப் பார்த்ததை நாம் பார்லிமெண்டில் வைத்து எப்போதோ செய்து முடித்துவிட்டோம். இங்கே யாராவது வாட்ஸப்பில் கொதித்தார்களா?

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-ல் மதுரைக் கிளை சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அதே முகாமில், அதே மாதிரிப் பெற்றோருக்கு, 1987 ஆகஸ்டில் பிறந்த குழந்தைக்கு அந்த வாசல் கிடையாது. என் பெண்ணுக்காவது மல்லேஸ்வரத்தில் பாட்டி வீடு இருக்கிறது, இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. முகாமில் பிறந்தவர்களை எந்த ஊருக்குப் போகச் சொல்வது? கடலுக்கு அந்தப் பக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

அப்படியென்றால் யார் வந்து பெற்றாலும் குடியுரிமை கொடுத்துவிடுவதா என்று கேட்பார்கள். அமெரிக்கா மாதிரி வேண்டாம், சரி. பிரிட்டனும் 1983-ல் பிறப்புரிமையை நிறுத்திய நாடுதான். ஆனால் பெற்றோருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும், அங்கே பிறந்த குழந்தையைக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். கிடைக்காமலே போனாலும், பிறந்ததிலிருந்து பத்து வருஷம் அங்கேயே வளர்ந்த பிள்ளைக்குப் பதிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவில் பொதுவாகப் பத்தாவது பிறந்தநாளோடு தானாகவே குடியுரிமை வந்துவிடும். நமக்கும் அதே பத்து வருஷம் போதும். அசாம் பற்றி எரியும், ஓட்டு வங்கி என்பார்கள் என்று எந்தக் கட்சியும் வாயைத் திறக்காது. முகாம்களில் 1990-ல் பிறந்தவர்களுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.