போர்ப்பாட்டில் இயற்கை: அணியா, சாட்சியா?

குருதியைக் கார்கால வெள்ளமென்றும், வீழ்ந்த யானையைச் சாய்ந்த மலையென்றும் பாடுவதே போர்க்கவிதையின் அழகு என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். மடிந்தவனின் வேதனைக்குத் திரையிடும் அழகு எதற்கு?

இஸ்லாத்திற்கு முந்திய அரபுக் கவிஞர் ஜுஹைர் இப்னு அபீ சுல்மாவின் முஅல்லக்காவை இவர்கள் ஓதிப் பார்க்கட்டும். தாஹிஸ், கப்ரா என்னும் குதிரைகளின் பந்தயத்தில் மூண்ட பூசல், அப்ஸ், துப்யான் குலங்களை நாற்பதாண்டுகள் அழித்ததாக மரபு கூறும். அவ்வழிவைப் பாடிய ஜுஹைர் களத்திற்குப் பூச்சூட்டவில்லை. மேய்ச்சல் முடிந்து நீர்த்துறைக்குத் திரும்பும் ஒட்டகங்களைப் போல் வீரர்கள் மீண்டும் களம் புகுகின்றனர். அத்துறையில் இருப்பதோ ஆயுதமும் குருதியும். போர் அவருக்குச் சூல்கொண்டு இரட்டையாய் ஈனும் பெண் ஒட்டகம். ஈன்றவை யாவும் கேடே. அதற்கு விளைச்சலும் உண்டு. ஈராக்கின் ஊர்கள் தரும் தானியமன்று அது, சாவு!

ஒட்டகமும் நீரும் விளைச்சலும் பாலைவாழ்நருக்கு உயிர். அவற்றையே சாவுக்குச் சாட்சியாக்கினார் அவர். அவர் புகழ்ந்ததும் வென்றவரை அன்று. தம் செல்வத்தை இரத்த ஈடாகக் கொடுத்துச் சமாதானம் கண்ட ஹரிம் இப்னு ஸினானையும் அல்ஹாரிஸ் இப்னு அவ்ஃபையுமே. நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இத்தகைய பாட்டையன்றோ?