குழந்தை யாருடைய சொத்து?

விவாகம் பிரிக்கவொண்ணாத பந்தம் என்று ஹிந்து சமூகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ம் வருஷத்துச் சட்டமும், பின்னர் 1955ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டமும் ரத்துக்கு வழி திறந்தன. 1976ல் இருவரும் மனமொத்துப் பிரியவும் இடம் ஏற்பட்டது. ஆகவே, ரத்து கூடுமா கூடாதா என்ற விவாதம் தீர்ந்தது. தீராமல் நிற்பது மற்றொன்று: பிரிகிறவர்களின் குழந்தை யாரிடம் வளர்வது?

1956ம் வருஷத்து மைனர் பாதுகாப்புச் சட்டத்தின் 6வது பிரிவு, தகப்பனாரே இயற்கைப் பாதுகாவலர் என்றும், அவருக்குப் பின்னர் தாயார் என்றும் கூறுகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. பாலூட்டி வளர்க்கத் தாய். கையெழுத்திடத் தகப்பன் என்பதே இதன் பொருள். 1999ல் கீதா ஹரிஹரன் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டார், "பின்னர்" என்பதற்குத் தகப்பனாரின் மரணத்திற்குப் பின் என்று அர்த்தமில்லை, அவர் பொறுப்பேற்காத காலத்திலும் என்று அர்த்தம் எனத் தீர்ப்பளித்தனர். நல்ல தீர்ப்பே. ஆயினும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. தாயையும் தகப்பனையும் சமமாக வைத்துத் திருத்த வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1989லும் 2015லும் சிபார்சு செய்தது. பார்லிமெண்டு இப்பிரிவைத் தொடவில்லை.

தகப்பனின் உரிமை எல்லையற்றதன்று என்பது புதிய கொள்கையுமன்று. அன்னி பெஸண்டு அம்மையாரிடம் ஒப்புவித்த தமது இரு புத்திரர்களைத் திரும்பப் பெற நாராயணய்யா தொடுத்த வழக்கு சென்னையைக் கலக்கியது நேயர்கள் அறிந்ததே. சென்னை ஹைகோர்ட்டில் தகப்பனார் ஜயித்தார். 1914ல் பிரிவி கவுன்ஸில் அத்தீர்ப்பைத் தள்ளியது. பாதுகாவல் என்பது புனிதமான பொறுப்பு என்பதும், பிள்ளைகளின் நலனையும் விருப்பத்தையும் விசாரியாமல் முடிவு செய்யலாகாது என்பதும் அவ்வழக்கில் விளங்கின. அந்நியர் ஆட்சியில் தெளிவான இவ்வுண்மையை, சுயராஜ்யத்தின் சட்டப் புஸ்தகம் தயங்கித் தயங்கிச் சொல்வது நமக்கு அழகாகுமா?

இவ்வித வழக்குகளில் ஜனங்களுக்கு ஆலோசனை கூறும் தேச ஊழியர்கள் சில விஷயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, பாதுகாவலர் பதவி வேறு, குழந்தையை வசத்தில் வைத்திருப்பது வேறு. இரண்டாவதைப் பெற முதலாவது அவசியமில்லை. இரண்டாவது, அதே 1956ம் வருஷத்துச் சட்டத்தின் 13வது பிரிவின்படி மைனரின் க்ஷேமமே பிரதானம். பெற்றோரின் அந்தஸ்து அதற்குப் பிற்பட்டதே. விவரமறிந்த குழந்தையின் விருப்பத்தையும் கோர்ட்டார் கேட்கலாம். மூன்றாவது, இவ்வுத்தரவு என்றைக்கும் மாறாததன்று. நிலைமை மாறினால் மறுபடி மனுச் செய்யலாம். நான்காவது, 1987ம் வருஷத்துச் சட்டப்படி ஸ்திரீகளும் குழந்தைகளும், வருமானம் எதுவாயினும், இலவச வக்கீல் உதவி பெற உரியவர்கள். ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஐந்தாவது, குழந்தையை இரவோடிரவாகத் தூக்கிச் சென்று விடுவது எவ்விதத்திலும் வழக்கை வெல்லும் உபாயமன்று. கோர்ட்டாரின் நம்பிக்கையை இழக்கும் வழியே அது.

பெரிய கேடு காலதாமதம். மைனரின் ஜீவனத்துக்கும் படிப்புக்கும் பணம் கோரும் மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று விவாகச் சட்டத்தின் 26வது பிரிவு சொல்லுகிறது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனுவுக்கு அந்தக் கெடு கிடையாது. வழக்கு வருஷக்கணக்கில் நீண்டால், வசத்தில் வைத்திருப்பவரிடமே குழந்தை பழகி விடுகிறது. பிறகு அந்தப் பழக்கத்தையே க்ஷேமம் என்று காட்டுகிறார்கள். தாமதமே தீர்ப்பாகி விடுகிறது.

ஆதலால் 6வது பிரிவில் தாய் தகப்பன் இருவரையும் சமமாக்க வேண்டும். குழந்தையின் வசம் பற்றிய மனுக்களுக்கும் கெடு விதிக்க வேண்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் பாகப் பிரிவினை உண்டு. குழந்தைக்கு அது கிடையாது. இதை நமது சட்டசபை அங்கத்தினர்கள் உணரும் வரை, ஜனப் பிரதிநிதிகளை நச்சரிப்பது நமது கடமை.