மடியை உதறச் சொன்ன தோப்பு

பெரியகுளம் என்றால் மாம்பழம். வெயில் காயும் ஊர், ஆனாலும் வராக நதி உண்டு, மலையடிவாரம் வரை தோப்புகள் உண்டு. 1957லேயே பழ ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. பி.கே.எம்.1 முருங்கை என்கிறோமே, அதுவும் அந்த ஊர்ப் பேர்தான்.

எங்க ஊர் காரைக்குடிப் பக்கம், வானம் பார்த்த பூமி. கோடையில் வேலை கிடையாது. ஒரு வருசம் அப்பா அம்மாவோடு நானும் அங்கே காய் பறிக்கப் போனேன். பூ விடும்போதே வியாபாரி தோப்பைக் குத்தகைக்கு எடுத்துவிடுவான். ஏறுறது, தொரட்டியில் வலை கட்டி இறக்குறது, சுமக்கிறது எல்லாம் நம்ம சனம். காம்பு ஒடிந்தால் பால் பீச்சும், பட்ட இடம் பொத்துப்போகும். அப்பா கழுத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

சாயங்காலம் வாசலில் காவல்காரன் அம்மாவை மடியை உதறச் சொன்னான். (அவனும் நம்ம ஆள்தான், அதையும் எழுதத்தான் வேணும்.) விழுந்தது ஒரு வெம்பல் கல்லாமை. கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

யார் மடியை யார் உதறுவது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892இல் சென்னை மாகாணத்தில் நமக்கென ஒதுக்கியது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். பிறருக்கு விற்றால் செல்லாது என்று நிபந்தனை. அப்புறம் எப்படிக் கைமாறியது?

எங்க சீமைக் கதையைக் கேளுங்க. சிவகங்கை அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவில் 1931இல் ஆதிக்க சாதியினர் நம்மவர்மீது போட்ட 11 தடைகளை ஹட்டன் பதிந்திருக்கிறார். நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிடணும், இல்லையென்றால் பாசனத் தண்ணீர் கிடையாது, மழையில் விளைந்தாலும் கொள்ளை போகும். காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

கூலியை உயர்த்திக் கேட்டால் போதும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். கேட்போம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூலி உயர்ந்தாலும் வாசலில் மடியை உதறத்தானே வேணும்? நிலம் வேணும், அதுவும் தண்ணீரோடு. கல்லுக்காட்டை அளந்து கொடுத்துவிட்டு மரம் வை என்றால் எதை ஊற்றி வளர்ப்பது?

எங்க ஊர்ப் பஞ்சமி நிலக் கணக்குக்கு நகல் கேட்டு தாலுகா ஆபீசில் மனு போட்டிருக்கிறேன். உங்க ஊருக்கும் போடுங்க.