கடினமான இசையும் இளைய கைகளும்

2012 ஆகஸ்டு 4, சனிக்கிழமை, நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி, இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிரிட்டனின் தேசிய இளையோர் இசைக்குழு ஒலிவியே மெசியானின் ‘துரங்கலீலா’ சிம்பொனியை வாசித்தது. நடத்தியவர் வசீலி பெத்ரென்கோ. நகரமே ஒலிம்பிக் ஆரவாரத்தில் மூழ்கியிருந்த வாரம் அது. இங்கே பட்டான்செருவில், தொழிற்பேட்டையின் இரைச்சல் இரவிலும் ஓயாத ஒரு தெருவில் அறையெடுத்துத் தங்கி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நான், பி.பி.சி. மூன்றாம் வானொலியின் இணைய ஒலிபரப்புக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தேன். தக்காணத்து இடைக்கால நூல்களை ஆய்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்கான விடையைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருமண வரவேற்பில் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுவே நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. 1948-இல் தொடங்கப்பட்ட இக்குழுவில் இருப்பவர்கள் பதின்பருவத்தினர். எண்ணிக்கையில் 150-க்கும் மேற்பட்டோர். பள்ளி விடுமுறைகளில் கூடி, ஒன்றாகத் தங்கி, பயின்று, பின்னர் மேடையேறுகிறார்கள். நம்மிடையே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் வயது அது.

அவர்கள் எடுத்துக்கொண்ட படைப்போ எளிதானதன்று. 1940-இல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கிய மெசியான், முகாமிலேயே ஒரு நால்வர் இசையை முடித்து, 1941 ஜனவரியில் சக கைதிகளின் முன் அரங்கேற்றியவர். போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை எழுதியது ‘துரங்கலீலா’. பாஸ்டன் சிம்பொனிக் குழுவுக்காகச் செர்கே குசெவிட்ஸ்கி கேட்டுப் பெற்ற இப்படைப்பை, 1949 டிசம்பர் 2 அன்று லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தி அரங்கேற்றினார். பத்துப் பகுதிகள், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பெருங்குழுவோடு ஒரு தனிப் பியானோ, மனிதக் குரல்போல் வழுக்கிச் செல்லும் ‘ஓந்த் மார்த்தனோ’ என்னும் மின்னிசைக் கருவி, எண்ணற்ற மணிகள், தாளக் கருவிகள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு லய அடுக்குகள், ஒவ்வொன்றும் தன் கணக்கில் ஓடும். எண்ணிக்கை ஒருமுறை தவறினால் மீண்டும் சேர்ந்துகொள்வது அரிது.

என் ஆய்வுக்கும் இதற்குமான உறவு தலைப்பிலேயே இருக்கிறது. ‘துரங்க’, ‘லீலா’ ஆகிய இரு வடசொற்களை மெசியான் ஒட்டிக்கொண்டது தற்செயலன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசவையில் இருந்த சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகரம்’ இயற்றினார். அதில் 120 தேசித் தாளங்களின் பட்டியல் உண்டு. பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அப்பட்டியல் அச்சாகியிருந்தது. மாணவப் பருவத்தில் அதைக் கண்ட மெசியான், தம் வாழ்நாள் முழுவதும் அந்தத் தாளங்களோடு உழன்றார். நான் நாள்தோறும் புரட்டும் தக்காணத்து நூல் ஒன்று, பாரிஸ் வழியாகப் பாஸ்டனுக்கும் அங்கிருந்து இலண்டன் சிறுவர்களின் கைகளுக்கும் போயிருக்கிறது.

அவர் அத்தாளங்களில் கண்டது என்ன? முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்கும் கால அளவுகள் அவரை ஈர்த்தன. திருப்பிப்போட முடியாத லயம் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்த தமிழ் மாணவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுத்துகளில் நாம் செய்ததை அவர் கால அளவுகளில் செய்தார். அடுத்தது, மூன்று லயப் பாத்திரங்கள். ஒன்றின் அளவு வளர்ந்துகொண்டே போகும், ஒன்று தேய்ந்துகொண்டே வரும், மூன்றாவது மாறாமல் நின்று பார்த்திருக்கும். நம் தாள நூல்கள் யதி என்ற பெயரில் பேசும் வளர்தலும் தேய்தலும் சமமாய் நிற்றலும் இங்கே மேடை நாடகம்போல் எதிரெதிரே நிற்கின்றன.

இதைச் சொன்னதும் ‘எல்லாம் நம்மிடமிருந்து போனவை’ என்று மார்தட்ட ஒரு கூட்டம் காத்திருக்கும். அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை. மெசியான் அத்தாளங்களை அச்சுப் பட்டியலில் இருந்து எடுத்தார், வாழும் கச்சேரியில் இருந்தன்று. அவருடைய சிம்பொனி இந்திய இசை ஆகாது. ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நூலை அந்நியர் ஒருவர் இவ்வளவு ஊன்றிப் படித்தார் என்பதிலிருந்து நமக்கு எழவேண்டியது பெருமையன்று, ஒரு கேள்வி: அதே நூலை நம் இளையோர் கையில் நாம் எப்போது கொடுத்தோம்?

நான் பயின்ற கல்லூரி ஒன்றில், பாடத்திட்டத்தில் இருந்த ஒரு கடினமான நூலை ஆசிரியர் நடத்தாமலே விட்டுவிட்டார். ‘இந்தப் பிள்ளைகளுக்கு இது ஏறாது’ என்று அவர் சக ஆசிரியரிடம் சொன்னது வராந்தாவில் நின்ற எங்களுக்கும் கேட்டது. எங்கள்மேல் இரக்கம் கொண்டே அவர் அப்படிச் சொன்னார். தேர்வுக்கு உரிய குறிப்புகளை அன்போடு எழுதிக்கொடுத்தார். நாங்களும் தேர்ச்சி பெற்றோம். அந்த நூலைத் தனியாகத் திறந்து, முதல் பத்துப் பக்கங்களில் தோற்று, மீண்டும் திறந்து படித்து முடிக்க எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. கடினமானதை இளையோரிடமிருந்து ஒளித்துவைப்பது கருணை வேடமிட்ட அவமதிப்பு என்று அன்று முதல் நம்புகிறேன்.

கடினமான இசைக்கு இளையோரே உகந்தவர்கள் என்பேன். தொழில்முறைக் குழு ஓரிரு ஒத்திகைகளில் ஒரு நிகழ்ச்சியை முடித்தாகவேண்டும். அடுத்த வாரம் வேறொரு நிகழ்ச்சி. இளையோர் குழுவோ ஒரே படைப்போடு பல நாள் உண்டு உறங்கி வாழ்கிறது. இது கடினம் என்று அவர்களுக்கு இன்னும் எவரும் அழுத்திச் சொல்லவில்லை. இதே நிகழ்ச்சியில் அன்னா மெரிடித் எழுதிய ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ என்ற படைப்பும் இருந்தது. அதில் இவர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, கைதட்டியும் உடலில் தட்டியும் குரலெழுப்பியுமே இசைக்கவேண்டியிருந்தது. நம் கொன்னக்கோல் மாணவர்கள் கேட்டால் உடனே உறவு கொண்டாடுவார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கலாகாது. வயலினும் எக்காளமும் தனிப்பயிற்சியும் வசதியுள்ள வீடுகளுக்கே எளிதில் வாய்ப்பவை. கடினமானவற்றோடு விளையாடுவது செல்வர் பிள்ளைகளின் உரிமைதானோ? 2007 ஆகஸ்டில், அதே மண்டபத்தில் வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளையோர் குழு ஷோஸ்தகோவிச்சின் பத்தாம் சிம்பொனியை வாசித்தது. நடத்தியவர் குஸ்தாவோ துதாமெல். ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய திட்டத்தில், அரசின் ஆதரவோடு, ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளும் கருவி கற்ற நாடு அது. தடையாக இருந்தது பிள்ளைகளின் திறமை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம்மிடமும் தொடக்கங்கள் இருக்கின்றன. மும்பையில் 2006 முதல் இந்திய சிம்பொனிக் குழு இயங்குகிறது. சென்னையில் 2008-இல் கே.எம். இசைக் கல்லூரி தோன்றியது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரம் இயற்றிய மண்ணில், வயலினைத் தரையில் அமர்ந்து நம்முடையதாக்கிக்கொண்ட மண்ணில், திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பல்கலைக்கழகங்களின் துணிவில் இருக்கிறது. ஆண்டுவிழாவில் அரை மணி நேர நிரப்பியாகவே நாம் இசையை வைத்திருக்கிறோம். நாளையே ஒரு பெருங்குழுவை அமைக்கச் சொல்லவில்லை. மிருதங்க மாணவரையும் வயலின் மாணவரையும் கணித மாணவரையும் ஓர் அறையில் அமர்த்தி, ஒரு பருவம் முழுவதும் ஒரே ஒரு கடினமான படைப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள் என்கிறேன். தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு நான் கூர்ந்து கேட்க விரும்பியது ஓர் இடத்தை. ஐந்தாம் பகுதி விண்மீன்களின் குருதிக் களிப்பு. வேகமும் ஓசையுமாக வெடிக்கும். அதில் இளையோர் வெல்வார்கள் என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. அதை அடுத்து வருவது ‘காதல் துயிலின் தோட்டம்’. நரம்பிசைக் கருவிகள் மூச்சடக்கி ஒரே மெட்டை மிக மெதுவாக நீட்ட, பியானோ பறவைகளாகக் கூவும். பதினாறு வயதில் வேகமாக ஓடுவது எளிது. பத்து நிமிடத்துக்கும் மேலாக மென்மையில் நிலைத்திருப்பதே கடினம். அந்த அமைதியை இளையோர் காக்கக்கூடுமென்றால், அவர்களுக்கு எது ஏறும், எது ஏறாது என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதும் நம் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்யவேண்டும்.

பட்டான்செரு, இலிங்கம்பள்ளிப் பக்கம் இருந்த நண்பர்களை என் அறைக்கு அழைத்திருந்தேன். ஒலிபெருக்கி சிறியது, மின்வெட்டு வந்தால் மடிக்கணினியின் மின்கலம் தாங்கும் வரை கேட்போம் என்றிருந்தேன். தேநீரும் உண்டு என்றேன். கேட்டபின் எனக்கு மறுப்புரைக்க விரும்புவோர் விடியும் வரை இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தேன்.