கரை யாருக்கு?



சேலத்தில் நின்றுகொண்டு திருமணிமுத்தாறு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "அந்தச் சாக்கடையா?" என்பார்கள். சேர்வராயன் மலையில் பிறந்து, நாமக்கல் மாவட்டத்தின் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேருகிற ஆறு அது. சாயப்பட்டறைத் தண்ணீரும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் நகரத்தின் மலமும் சேர்ந்து அதைச் சாக்கடை ஆக்கின. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊர் விலகிப் போன கரைகளில் குடிசை போட்டது யார்? பெரும்பாலும் நம்ம சனந்தான்.

2016இல் சேலம் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றுக்குச் சுவர், கரைக்கு அழகு என்று பேச்சு வந்தது. ஓய்ந்துபோன ஆலை நிலத்தையும் நீர்க்கரையையும் எடுத்து, கடை, வீடு, ஆபீசு, பூங்கா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுப்புவது உலகம் முழுக்க நடக்கிற காரியம். அதற்குக் 'கலப்புப் பயன்பாடு' என்று பெயர். கடையும் வீடும் கலக்குமாம். ரொம்பச் சரி. ஊரும் சேரியும் கலக்குமா? அதுக்கு எந்த வரைபடத்திலயும் பதில் இல்ல.

ஆமதாபாத்தைப் பாருங்கள். பஞ்சாலைகள் வரிசையாக மூடிய அந்த நகரத்தில் 1997இல் சபர்மதிக் கரைக்கென்று தனிக் கழகம் அமைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையை விட்டு அகற்றப்பட்டன. சிலரை நகரத்துக் குப்பைமேட்டுப் பக்கம் பிப்ளஜில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று நடைபாதை பளபளக்கிறது. அங்கே நிற்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். கீழே அதே ஆற்றில் கழிவு கலப்பதை 2021இல் குஜராத் உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அழகு மேலே, அழுக்கு கீழே. சாதி இருக்கிற மாதிரியேதான் ஆறும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்ட சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரில் சென்னைக் கூவம் கரையில் ஒரு நகர் இருந்தது. 2019 டிசம்பர் கடைசியில், கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று அதை இடித்து, சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை இங்கே, வீடு அங்கே. படிக்கிற பிள்ளை நடுவில்.

நாம் ஆறு சுத்தமாவதற்கு எதிரிகள் இல்லை. நாற்றத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் சுத்தத்தின் அருமை தெரியும். ஆனால் நாறும்போது நம்முடையதாக இருந்த கரை, மணக்கும்போது எப்படி அடுத்தவனுடையதாகிறது? இதைத்தான் கேட்கிறோம்.

கேட்பதோடு நிற்கவும் கூடாது. கரைவாழ் மக்களுக்கு அதே பகுதியில் வீடும், பெண்கள் பெயரில் பட்டாவும் கொடுத்த பிறகே கடப்பாறை எடுக்க வேண்டும். புதிதாக எழும் கடைகளில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். அந்தக் கட்டடங்களின் சாக்கடைக்குள் ஒரு மனிதரும் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013லேயே சட்டம் தடுத்துவிட்டது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொன்னது. நமக்கு வேண்டியது இழப்பீடு இல்லை, உயிர். ஆறு சுத்தமானதா என்பதைச் சேலத்துப் பாலத்தில் நின்று பார்க்காதீர்கள். நஞ்சை இடையாற்றில் ஒரு கை அள்ளிப் பாருங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் நோட்டோடு கரை நெடுக நடங்கள். எந்த வீட்டில் யார், எத்தனை வருசமாக, என்ன தொழில், ரேஷன் அட்டை உண்டா, வரி ரசீது உண்டா என்று எழுதி வையுங்கள். 'நீ லிஸ்ட்ல இல்ல' என்பதுதான் எப்போதும் முதல் அடி. நம்ம லிஸ்ட் முன்னாடியே நம்ம கையில் இருக்கட்டும்.

மகாத் நகராட்சி தன் குளம் எல்லோருக்கும் பொது என்று 1924இல் தீர்மானம் போட்டது. தாளில் போட்டதோடு சரி. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு போய்க் கையால் அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அன்று தண்ணீருக்குப் போனோம். இன்று கரைக்கும் போவோம்.