பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன்

சபையின் ஸ்டீல் கிட்டாருக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேடுகிறீர்கள். விலை பேசுமுன் அதை அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். வால்யூம் குமிழைத் திருப்புகையில் கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். கமுதிப் புழுதிக்கு அது புதிதன்று. குமிழை முற்றும் குறைத்த பின்னும் இரைச்சல் ஓயாவிடில் கப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இரைச்சலை அடக்கவென்று பிளக்கின் எர்த் முள்ளை யாரேனும் வெட்டியிருந்தால், அப்படியே கோவிலுக்குள் கொண்டுவராதீர்கள். கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியே அதன் உலோகக் கூட்டோடு இணைந்தவை. உள்ளே கசியும் மின்சாரம் வாசிக்கும் பிள்ளையின் விரல்களையே தேடிவரும். காணிக்கைப் பணத்தை மிச்சப்படுத்த அந்த உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

வாலிபரே, நீங்களாகவே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லுங்கள்.