தட்டு நடுவில் இருக்கட்டும்

கோவை கணபதியில் எனக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்புசெட்டு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கொடுத்து முடித்ததும், கையை மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் கழுவிக்கொண்டு மாதம் ஒரு தடவை எல்லோருமாகச் சைனீஸ் சாப்பிடப் போவோம். பட்டறை ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பழக்கம் நின்றதில்லை.

போன மாதம் வழக்கமாகப் போகும் ஓட்டலுக்குள் நுழைந்தால் உள்ளே ஆளே மாறிப்போனதுபோல இருந்தது. வட்ட மேஜைகளைக் காணோம். சுவரைப் பார்த்தபடி ஒற்றை ஒற்றையாக ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். மெனு கார்டில் எல்லாமே காம்போ. ஒரு டப்பாவில் பாதிக்கு பிரைட் ரைஸ், ஓரத்தில் நான்கு துண்டு கோபி மஞ்சூரியன், மூடியில்லாத குட்டிக் கிண்ணத்தில் சாஸ். எட்டுப் பேருக்கும் எட்டு டப்பா வந்தது. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தோம். பட்டறையில் வாய் ஓயாமல் பேசும் பையன்கள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் எங்கள் மூத்த டர்னர், "ஏனுங்ணா, இதுக்குப் பார்சல் வாங்கியாந்து பட்டறையிலயே தின்னிருக்கலாமுங்" என்றார். ஓட்டலின் பேர் வேண்டாம். இன்றைக்குக் கோவையில் பல ஓட்டல்கள் இந்த வழியில்தான் போகின்றன. அந்த வழியில் போக வேண்டாம் என்று ஓட்டல்காரர்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில், பண்ணைய ஆளுகளுக்குக் காப்பித்தண்ணி கொடுக்கும் டம்ளர் திண்ணைக்கு வெளியே தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். குடித்தவர்களே கழுவி வைக்க வேண்டும். சின்ன வயதில் அதை நான் தொட்டதற்கு அப்பத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் கொங்கு விருந்துக்குப் பேர் உண்டு, ஆனால் அந்தப் பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. உட்கார்ந்த பிறகும் அவரவர் இலை அவரவருக்கு. பக்கத்து இலையில் கை பட்டால் எச்சில்.

1991இல் பீளமேட்டில் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். தீபாவளி போனஸ் வாங்கிய அன்று சீனியர் ஒருவர் எங்கள் ஐந்து பேரையும் காந்திபுரத்தில் ஒரு மாடி ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். சிவப்பு விளக்கு, வட்ட மேஜை. அவர்தான் ஆர்டர் சொன்னார்: "சூப்பு மூணு, ஒன் பை டூ. ஒரு பிரைட் ரைஸ், ஒரு நூடுல்ஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன்." சர்வர் கேட்டார், "கிரேவியா, டிரையா?" அந்தக் கேள்வியே எனக்குப் புதுசு. ஒவ்வொன்றாக வந்து மேஜை நடுவில் உட்கார்ந்தது. யாருக்கு எது என்று யாரும் சொல்லவில்லை. ஆறு பேரும் ஆறு சாதி. ஒரே தட்டுக்கு ஆறு கை போனது. எனக்கு முதல் கவளம் தொண்டையில் நின்றது. இரண்டாவது நிற்கவில்லை.

பிரியாணி வாங்கினால் ஆளுக்கு ஒரு பிளேட். புரோட்டா ஆளுக்கு ரெண்டு. மீல்ஸ் ஆளுக்கு ஒரு இலை. எங்கள் ஊர் ஓட்டல்களில் நாலு பேர் சேர்ந்து சொல்லி, நடுவில் வைத்து, எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டிய சாப்பாடாக எனக்குத் தெரிந்து வந்தது சைனீஸ்தான். யார் வீட்டு அடுப்பிலும் அது இருந்ததில்லை. அதனால் அது எந்தச் சாதிச் சாப்பாடும் ஆகவில்லை. ஒரு பிளேட் வாங்கினால் ஒருவருக்கு அதிகம், விலையும் அதிகம் என்பதும் ஒரு காரணம்தான். அந்தக் காரணத்துக்கு நன்றி சொல்கிறேன்.

சீனர்கள் சாப்பிடும் முறையே அப்படித்தான். சோறு அவரவர் கிண்ணத்தில் இருக்கும், கறியெல்லாம் நடுவில் இருக்கும். சிங்கப்பூரில் 'ஸி சார்' கடை என்று உண்டு. ஹொக்கியன் பேச்சில் சமைப்பது, வதக்குவது என்று பொருள். காப்பிக் கடை ஓரத்தில் அடுப்பு எரியும், சொன்ன பிறகுதான் கடாய் ஏறும். பல கடைகளில் விலையே சின்னது, நடுத்தரம், பெரியது என்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் போட்டிருக்கும். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

நம் பக்கத்துக்கும் சீனர்கள் புதியவர்கள் இல்லை. 1860களில், மலாயாப் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சிறையில் இடம் போதவில்லை என்று சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் நீலகிரிக்கு வந்து சேர்ந்து, நடுவட்டம் பக்கம் சின்கோனா தோட்டங்களில் பாடுபட்டார்கள். விடுதலையானவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கி, காய்கறி போட்டு, மாடு வைத்துப் பிழைத்ததை மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஊட்டியில் 1954இல் ஒரு சீனக் குடும்பம் ஷின்கோஸ் ஓட்டலைத் தொடங்கியது. கமிஷனர்ஸ் ரோட்டில் இருக்கும் அந்த ஓட்டலைக் கோவையிலிருந்து ஊட்டி போனவர்கள் பலர் அறிவார்கள். 1962 இந்திய-சீனச் சண்டையின்போது இந்தியச் சீனர்கள் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தோம். குழந்தைகளும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில்தான், கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சீனர் 1970களின் நடுவில் பம்பாயில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயோடு சோயா சாஸும் சோள மாவும் சேர்த்துச் சிக்கன் மஞ்சூரியன் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் நம் கோபி மஞ்சூரியன். அதன் சாயலிலேயே இன்னொன்று கோவைத் தெருவில் சாயங்காலமானால் கொதிக்கிறது: காளான். முட்டைக்கோசும் காளானும் மாவில் பொரித்து, கிரேவியில் பிய்த்துப் போட்டு, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருகிறார்களே, அது. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது என்னவென்றே தெரியாது. நாம் இதைச் சின்னத் தட்டில் வாங்கி ரெண்டு பேர், மூணு பேர் குச்சியால் குத்தித் தின்கிறோம்.

அடுப்பைப் பற்றியும் ஒரு பட்டறைக்காரனாகச் சொல்ல வேண்டும். நம் தோசைக்கல் வார்ப்பிரும்பு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் அதன் வேலை. சைனீஸ் கடாய் மெல்லிய தகடு. தீயைக் கூட்டினால் உடனே கூடும், தணித்தால் உடனே தணியும். கீழே பர்னர் எங்கள் பட்டறை கம்ப்ரஸர் மாதிரி இரையும். மாஸ்டர் ஒரு கையில் கடாயைத் தூக்கி வீசுவார், மறு கையில் கரண்டி சாஸ் டப்பாவுக்கும் கடாய்க்கும் போய் வரும். சோறு முன்பே வடித்து ஆறியிருக்க வேண்டும், சூடாகப் போட்டால் குழைந்துவிடும். பூண்டு, வெங்காயத்தாள், குடமிளகாய் விழுந்து, எண்ணெய் ஆவியில் தீ உள்ளே எட்டிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் புகை மணம் சோற்றில் ஏறுகிறது. கான்டனீஸ் பேச்சில் இதை 'வொக் ஹே' என்பார்கள். கடாயின் மூச்சு. ஒரு பிளேட்டுக்கு மூன்று நிமிடம். மேஜைக்கு வந்து ஐந்து நிமிடம் அந்த மூச்சு இருக்கும். டப்பாவில் மூடி வைத்தால் அதே ஆவி தண்ணீராகி மொறுமொறுப்பைக் கொன்றுவிடும்.

காம்போ வந்தால் சாப்பாடு காலையிலேயே தயாராகிவிடுகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம். கிரேவி ஒரே அண்டாவில், கோபி ஒரே ஈடாகப் பொரித்து ட்ரேயில். சாயங்காலத்துக்குள் வாடிப்போவதை மறைக்கத்தான் பல இடங்களில் கலர் பொடி அள்ளிப் போடுகிறார்கள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை வண்ணம் சேர்க்கவே தடை போட்டது. சொன்ன பிறகு கண் எதிரில் செய்வதற்கு எதற்குக் கலர்? சோயா சாஸும் மிளகாயும் கொடுக்கிற பழுப்புச் சிவப்பே போதும்.

ஓட்டல் நடத்துபவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. வாடகை ஏறிவிட்டது. சர்வர் கிடைப்பதில்லை. வட்ட மேஜை இடத்தை அடைக்கும், நாலு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். பைக்கில் பார்சல் எடுத்துப் போகிறவர் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவார். கொரோனாவுக்குப் பிறகு ஒரே தட்டில் கை போடத் தயங்குகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது, அதற்குத் தட்டுக்கு ஒரு பரிமாறும் கரண்டி போதும். புரட்டாசியில் கறி தொடாதவர்களும் எங்கள் மேஜையில் உண்டு. அவர்கள் பக்கம் கோபியும் பன்னீரும் நகர்ந்துவிடும், சில்லி சிக்கன் இந்தப் பக்கம் வந்துவிடும். இருபது வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

அதனால் ஓட்டல்காரர்களிடம் கேட்பது இதுதான். காம்போ போடுங்கள், தனியாக வருகிறவருக்கும் பசிக்கும். ஆனால் இரண்டு வட்ட மேஜையாவது விட்டு வையுங்கள். பெரிய பிளேட்டை மெனுவிலிருந்து எடுக்காதீர்கள். கடாயைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுகிறவர்களும் ஆளுக்கு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு அறைக்குப் போகாமல், ஒரு தட்டில் கொட்டி நடுவில் வையுங்கள். இரட்டைக் குவளை இன்னும் முழுசாக ஒழியாத மண் இது. ஒரு தட்டுக்கு நாலு கை போகிற இடங்கள் நமக்கு ஏற்கனவே குறைவு.

இந்த மாதம் வேறு ஓட்டல் தேடினோம். சரவணம்பட்டி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் மேஜைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன பையன் ஓரமாக உட்கார்ந்து, தன் முன்னால் இருந்த சூப்பை மட்டும் குடித்துக்கொண்டிருந்தான். தட்டுப் பக்கம் கையே வரவில்லை. பாஷையும் தெரியாது. கோபி டிரையில் கடைசித் துண்டு மிஞ்சியது. எப்போதும் அதற்குத்தான் போட்டி. டர்னர் அதைக் கரண்டியில் எடுத்து அவன் தட்டில் வைத்து, "தின்னு கண்ணு" என்றார். அவன் அதைப் பாதியாகப் பிய்த்தான். ஒரு பாதியை அவரிடமே நீட்டினான். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மாஸ்டரைப் பார்த்து இன்னொரு பிளேட் சொன்னார்.